மலைநாட்டு ஓடைகளும் பெருந்தோட்டப் பயிர்களும்

இலங்கையின் 103 ஆற்று வடிநிலங்களுள் மகாவலி, களனி, வளவை ஆகியவற்றின் தலைநீர் மத்திய மலைநாட்டில் பிறக்கிறது. அந்த மலைநாடு 1830களிலிருந்து கோப்பிக்கும், 1880களிலிருந்து தேயிலைக்கும், 1960களின் இறுதியிலிருந்து ஓரளவுக்கு மரக்கறிக்கும் கைமாறிய கதை பொருளியல் வரலாற்றிலும் தொழிலாளர் வரலாற்றிலும் விரிவாகவே எழுதப்பட்டிருக்கிறது. ஏற்றுமதிக் கணக்குகள், காணி விற்பனைப் பதிவுகள், தொழிலாளர் வருகைப் புள்ளிவிவரங்கள், ஆணைக்குழு அறிக்கைகள் என்று ஆவணங்களுக்கும் குறைவில்லை. ஆயினும் அதே நிலத்தின் ஊடாக ஓடிய நீரில் வாழ்ந்த நண்டுக்கும் இறாலுக்கும் மீனுக்கும் தவளைக்கும் என்ன நேர்ந்தது என்ற கேள்விக்கு அந்த ஆவணக் குவியலில் நேரான விடை கிடைப்பதில்லை. காடு வெட்டிய காலத்தில் ஓடையைப் பார்த்தவர்கள் அதை ஆலைச் சக்கரத்தைச் சுழற்றும் விசையாகவும் கோப்பிப் பழம் கழுவும் நீராகவும் கண்டார்களேயன்றி, உயிர்கள் குடியிருக்கும் இடமாகக் காணவில்லை. ஓடையுயிர்களை முறையாக ஆராயும் அறிவியல் மலைநாட்டுக்கு வந்து சேர்ந்தபோது பெருந்தோட்டத்துக்கு நூறு வயது கடந்துவிட்டது. ஆகவே இந்த வரலாற்றை நிலத்துக்கு நேர்ந்தவற்றிலிருந்தும், எஞ்சியுள்ள காட்டோடைகளில் இன்று காணப்படுவனவற்றிலிருந்தும் பின்னோக்கியே கட்டியெழுப்ப வேண்டியிருக்கிறது.

மழைக்காட்டினுள் ஓடும் சிற்றோடையில் வெயில் குறைவாகவே விழுகிறது. மரமுடிகள் ஒன்றோடொன்று கூடி அமைக்கும் கவிகை ஒளியை மறைப்பதால் நீருக்குள் பாசி அதிகம் வளர்வதில்லை; அங்குள்ள உயிர்களுக்கான உணவின் பெரும்பகுதி கரையிலிருந்து உதிரும் இலை, பூ, சுள்ளி, பழம் ஆகியவற்றிலிருந்தே வருகிறது. நீரில் விழுந்த இலையின்மேல் முதலில் பூஞ்சைகளும் பற்றீரியாக்களும் படர்கின்றன. பிறகு நண்டுகளும் சிறு இறால்களும் சில பூச்சிகளின் இளம்பருவங்களும் அதைக் கடித்துத் துண்டாக்குகின்றன. அந்தத் துண்டுகளிலிருந்து கிளம்பும் நுண்துகள்களைச் சிறு வலை பின்னிக் காத்திருக்கும் கேடிஸ் பூச்சியின் புழுக்கள் வடித்து உண்கின்றன. இவற்றை மீனும் தவளையும் தின்கின்றன. இந்த வாழ்க்கை நடக்கும் இடம் பெரும்பாலும் ஓடைப்படுக்கையின் கற்களுக்கு இடையிலும் அடியிலும் உள்ள சிறு இடுக்குகளே. வெள்ளத்தில் அடித்துச் செல்லப்படாமல் ஒதுங்குவதும், முட்டையிடுவதும், பகைக்கு மறைவதும் அங்கேதான். நிழலும், குளிர்ந்து உயிர்வளி நிறைந்த நீரும், மண் அடையாத கல்லிடுக்கும் ஒரு மலையோடையின் உயிர்வளத்துக்கு அடிப்படையானவை. மலைநாட்டில் வந்த ஒவ்வொரு பயிரும் இவற்றில் ஏதோ ஒன்றையேனும் தொட்டது.

இலங்கையின் நன்னீர் நண்டுகளை இங்கே தனியாகக் குறிப்பிட வேண்டும். ஏறத்தாழ 50 இனங்கள் அறியப்பட்டுள்ளன. ஓரிரண்டைத் தவிர எல்லாம் இத்தீவுக்கே உரியவை. கடல் நண்டின் குஞ்சு நீரோட்டத்தில் மிதந்து நெடுந்தூரம் பரவக்கூடியது. நன்னீர் நண்டின் முட்டையிலிருந்தோ தாயின் வயிற்றடியிலேயே முழு உருவம் பெற்ற சிறு நண்டு வெளிவருகிறது. அதனால் அது பிறந்த ஓடையை விட்டு வெகுதூரம் போவதில்லை. ஒரு மலைமுகடோ, இடையில் விழும் ஓர் அருவியோ, வெப்பமான ஒரு பள்ளத்தாக்கோ இரண்டு கூட்டங்களைப் பிரித்துவிட்டால், நெடுங்காலத்தில் அவை இரண்டு இனங்களாகிவிடுகின்றன. சில இனங்கள் ஒரே மலைத்தொடரின் ஒருசில ஓடைகளில் மட்டும் வாழ்வதன் காரணம் இதுதான். இத்தகைய உயிரினத்துக்கு ஒரு தோட்டத்தின் பரப்பளவே அதன் முழு உலகமாக இருக்கக்கூடும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், நூற்றுக்கணக்கான தோட்டங்கள் அடுத்தடுத்து எழுந்ததன் பொருள் விளங்கும்.

பெருந்தோட்டத்துக்கு முந்திய மலைநாடு மனிதக் கை படாத நிலமாக இருந்தது என்று எண்ணுவதற்கில்லை. கண்டி இராச்சியத்துக் குடிகள் பள்ளத்தாக்கின் அடியில் படிப்படியாக வயல் அமைத்து நெல் விளைவித்தார்கள். வயலுக்கு மேலே வீட்டைச் சுற்றிப் பலா, கமுகு, கித்துள், மிளகுக் கொடி என்று பல அடுக்காக மரம் வளர்த்தார்கள். அதற்கும் மேலே சேனை வெட்டினார்கள், அதாவது காட்டின் ஒரு துண்டை எரித்துச் சில பருவம் குரக்கனோ வேறு தானியமோ விதைத்துவிட்டுப் பல ஆண்டுகள் அதைத் தரிசாக விட்டார்கள். பத்தனை எனப்படும் மலைப் புல்நிலங்களுக்கும் அவ்வப்போது தீ வைக்கப்பட்டது. இவையெல்லாம் ஓடைநீரைக் கலக்கியிருக்கும். ஆனால் சரிவில் கரைந்த மண்ணின் ஒரு பகுதியைக் கீழேயிருந்த வயற்படிகள் தாங்கிக்கொண்டன. சேனை கைவிடப்பட்டதும் காடு மீண்டது. உயர்ந்த மலைகளின் அடர்காடு பெரும்பாலும் தொடப்படாமலே இருந்தது. மேலோடையில் உயிர் அழிந்தாலும் அடுத்த கிளையோடையிலிருந்து அது மீண்டும் வந்து குடியேற வழியிருந்தது.

அந்த வழியைக் கோப்பி அடைத்தது. ஜோர்ஜ் பேர்ட் கம்பளைக்கு அருகே சின்னப்பிட்டியிலும், ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் பேராதனைக்கு அருகே கன்னொறுவையிலும் 1820களில் தொடங்கிய முயற்சிகள் சிறியவை. 1830களின் பிற்பகுதியில் பிரித்தானியச் சந்தையில் கோப்பிக்கு விலை ஏறியதும் நிலைமை மாறியது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரித்துக் காட்டப்படாத காடும் தரிசும் பயிரிடப்படாத நிலமும் முடிக்கு உரியவை என்று கொள்ளப்படும் என வகுத்தது. அந்த ஒரு விதியால் கிராமங்களின் சேனைநிலமும் மேய்ச்சல்நிலமும் மேல்மலைக் காடும் விற்பனைக்குரிய காணியாயின. காணி அளக்கப்பட்டபோது ஓடைகள் பல இடங்களில் எல்லைக்கோடுகளாகப் பயன்பட்டன. ஓடையின் இரு கரையும் இரு துரைமாருக்குச் சொந்தமாகி, நடுவே ஓடும் நீருக்குப் பொறுப்பாளர் இல்லாமற்போன நிலை அன்று தொடங்கியது என்றே சொல்லலாம்.

காடு வெட்டிய முறையே மலைச்சரிவின் இயல்பைப் பயன்படுத்திக்கொண்டது. சரிவின் அடியிலிருந்து மேல்நோக்கி ஒவ்வொரு மரத்தையும் பாதியளவு வெட்டி நிறுத்திவிட்டு, உச்சியிலுள்ள மரங்களை முழுதாகச் சாய்ப்பார்கள். அவை விழும் வேகத்தில் அடுத்த வரிசை விழ, முழுச் சரிவும் பேரோசையுடன் சரியும். சில வாரங்கள் காயவிட்டுத் தீ வைத்தார்கள். எரிந்த சாம்பலின் உரம் முதற் சில விளைச்சலுக்கு உதவியது. அதே சாம்பலும் இளகிய மேல்மண்ணும் முதற் பெருமழைக்கே ஓடைக்குள் இறங்கின. கோப்பிக் கன்றுகள் நேர்வரிசையில் நடப்பட்டு, வரிசைகளுக்கு இடையே ஒரு புல்கூட இல்லாதவாறு களையெடுப்பது நல்ல தோட்டத்தின் அடையாளமாகக் கொள்ளப்பட்டது. மேற்குச் சரிவில் வட்டவளை போன்ற இடங்களில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பொழிகிறது என்பதை எண்ணிப் பார்த்தால், புல்லற்ற அந்த வெற்றுநிலம் எவ்வளவு மண்ணை இழந்திருக்கும் என்பது கணக்கின்றியே விளங்கும். ஸ்கொட்லாந்தின் சாரல்மழையில் பயின்ற துரைமாரின் கண்ணுக்குத் துப்புரவாகத் தெரிந்த ஒன்று, வெப்பமண்டலத்துப் பெருமழையின்கீழ் பேரழிவாக முடிந்தது.

மழைநீர் வேர்களை அறுத்துவிடாதபடி அதை வடித்து வெளியேற்றச் சரிவு நெடுகத் தோண்டிய வாய்க்கால்களைத் தோட்டத் தமிழர்கள் கான் என்றார்கள். கான் வெட்டுவது அன்றும் பின்னர் தேயிலைக் காலத்திலும் ஆண்களின் வேலை. இத்தனை அடிக்கு இவ்வளவு கூலி என்று கொந்தரப்பாகவும் கொடுக்கப்பட்டது. கானின் நோக்கம் நீரை விரைவாகக் கீழே சேர்ப்பது. கீழே என்றால் ஓடை. முன்பு காட்டின் சருகுத்தரையில் ஊறி, வேரடியில் தங்கி, நாட்கணக்கில் கசிந்து வந்த நீர், இப்போது கொட்டிய சில மணிநேரத்திலேயே மண்ணைச் சுமந்துகொண்டு ஓடையை அடைந்தது. மழைக்காலத்து வெள்ளம் உயர்ந்தது. வறட்சிக்காலத்து நீரோட்டம் மெலிந்தது. நுண்மணல் கல்லிடுக்குகளை நிரப்பியது. அது நிரப்பிய இடத்தில் பூச்சிப்புழு ஒளிய முடியாது, மீன்முட்டைக்கு உயிர்வளி எட்டாது, கல்லின்மேல் படரும் பாசியைச் சுரண்டித் தின்னும் வாற்பேத்தைக்கு மேய்ச்சல் இல்லை. நஞ்சு ஒரு துளியும் கலக்காமலே ஓர் ஓடையின் உயிர்த்தொகுதியை மாற்றிவிட மண் ஒன்றே போதும். மலைநாட்டு ஓடைகளின் வரலாற்றில் பின்னால் வந்த எந்த இரசாயனத்தையும்விட மண்ணே பெரிய காரணியாக இருந்தது என்பது இவ்விரு நூற்றாண்டுகளையும் சேர்த்துப் பார்ப்பவருக்குப் புலப்படும்.

கோப்பி ஓடைக்குத் தந்தது மண் மட்டுமன்று. பறித்த பழத்தின் சதையை இயந்திரத்தால் நீக்கி, கொட்டைமேல் ஒட்டிய பசையைத் தொட்டியில் புளிக்கவைத்துக் கழுவுவது வழக்கம். இதற்கு ஓயாத நீர் வேண்டியிருந்ததால் அந்த ஆலைகள் ஓடைக்கரையிலேயே எழுந்தன. ஒரு கிலோ பச்சைக் கோப்பிக்கொட்டைக்கு ஐந்தாறு கிலோ பழம் தேவைப்படும். எஞ்சும் சதையின் ஒரு பகுதி எருவாயிற்று, மீதியும் கழுவுநீரும் ஓடையில் கலந்தன. அவற்றிலுள்ள சர்க்கரையைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் நீரிலுள்ள உயிர்வளியை உறிஞ்சிவிடுவதால், ஆலைக்குக் கீழே சிறிது தூரத்துக்கு மீனும் இறாலும் மூச்சின்றிப் போயிருக்கும். அறுவடை மாதங்களில் இந்த நெருக்கடி ஆண்டுதோறும் திரும்பியது. 1870களின் பிற்பகுதியில் கோப்பியின் பரப்பு ஏறத்தாழ 2,75,000 ஏக்கரை எட்டியபோது, 1,500 அடிக்கும் 5,000 அடிக்கும் இடைப்பட்ட மலைவளையத்தில் இவ்வித ஆலை இல்லாத பெரிய ஓடை அரிதாகவே இருந்திருக்க வேண்டும்.

1869இல் மடுல்சீமையில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட இலைநோய், ஹெமிலேயா வஸ்டாட்ரிக்ஸ் என்ற பூஞ்சையால் வருவது, இருபது ஆண்டுகளுக்குள் கோப்பியை ஏறக்குறைய ஒழித்துவிட்டது. ஹேவாஹெட்டைப் பகுதியில் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கரில் நட்ட தேயிலை, 1875இல் தீவு முழுவதிலும் ஓராயிரம் ஏக்கரளவிலேயே இருந்தது. நூற்றாண்டு முடிவதற்குள் மூன்றரை இலட்சம் ஏக்கரைத் தாண்டியது. பொருளியல் வரலாற்றில் இது மீட்சி; ஓடைகளைப் பொறுத்தவரை மேலும் ஒரு ஏற்றம். கோப்பி தாங்காத குளிரைத் தேயிலை தாங்கியதால், தோட்டம் மேலும் உயரத்துக்கு நகர்ந்து, அதுவரை நிழலிலிருந்த ஊற்றுக்கண்களை எட்டியது. விதையிலிருந்து வளர்த்த தேயிலைச் செடி நிலத்தை மூடப் பல ஆண்டுகள் எடுத்தது. மூடியபின்னரும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டியபோது, அதாவது செடியைத் தாழக் கத்தரித்தபோது, நிலம் மீண்டும் வெறுமையானது. ஒவ்வொரு கவ்வாத்துச் சுற்றுக்கும் ஓடைக்கு ஒரு புதிய மண்வரவு இருந்தது. உரம் இடுவதற்கு முன் மண்ணைக் கிளறும் முள்ளுக் குத்துதலும் அதற்குத் துணைபோனது.

இந்த ஏற்றத்துக்கு ஓர் எல்லை விழுந்தது தற்செயலான நன்மை என்றே சொல்ல வேண்டும். பேராதனைத் தாவரவியல் பூங்காவின் பணிப்பாளர் துவைற்ஸ் மலைக்காடு அழிவதைப் பற்றி எச்சரித்ததும், கியூ பூங்காவின் பணிப்பாளர் ஜோசப் ஹூக்கர் அதற்கு ஆதரவாகக் குடியேற்ற அரசுக்கு ஆலோசனை கூறியதும், 1873இல் 5,000 அடிக்கு மேற்பட்ட முடிக்காணிகளின் காட்டை விற்காமல் ஒதுக்கி வைக்கும் கொள்கைக்கு வழிவகுத்தன. மழை குறையும், ஆறு வற்றும், அதனால் தோட்டங்களே நலியும் என்ற அச்சம்தான் அதன் காரணம். ஓடையுயிர் பற்றிய அக்கறை எவருக்கும் இருந்ததாகத் தெரியவில்லை. கொள்கை வருமுன்பே விற்கப்பட்ட காணிகளில் அந்த எல்லைக்கு மேலும் தேயிலை நின்றது. எனினும் சிவனொளிபாதமலையைச் சூழ்ந்த காடும், ஹோட்டன் சமவெளியும், நக்கிள்ஸ் மலைத்தொடரின் உச்சிக்காடும் பெருமளவு தப்பின; இம்மூன்றும் சேர்ந்து 2010இல் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றன. இன்று மலைநாட்டின் அரிய நண்டுகளும் தவளைகளும் இப்பகுதிகளில் திரண்டிருப்பதை அவை உயர்மலையையே விரும்பும் இனங்கள் என்பதற்குச் சான்றாகக் கொள்ளும்போது எச்சரிக்கை வேண்டும். அவற்றுட் சில கீழிருந்து துரத்தப்பட்டு மேலே எஞ்சியவையாகவும் இருக்கலாம். நக்கிள்சின் காட்டுக்குள்ளும் பிற்காலத்தில் ஏலம் பயிரிடப்பட்டது. பெருமரங்களை விட்டுக் கீழ்வளரிகளை மட்டும் அகற்றிய இப்பயிர் ஓடைக்கு நிழலை மிச்சம் வைத்ததேனும், இளமரங்கள் எழ வழியில்லாமல் செய்ததால் அந்த நிழலின் எதிர்காலத்தை அரித்தது.

உயர்மலை ஓடைகளைத் துரைமார் உயிரின்றி வெறுமையாகக் கிடக்கும் நீராகக் கருதியதற்கு அவர்கள் அங்கே இறக்கிவிட்ட ட்ரவுட் மீனே சான்று. பல அருவிகளுக்கு மேலே இயற்கையாக மீன் ஏறவில்லை என்பது உண்மை. ஆனால் மீன் இல்லாத அந்த நீரில்தான் இறால்களும் வாற்பேத்தைகளும் வேட்டைமீனுக்கு அஞ்சாமல் வாழ்ந்தன. 1880களில் தொடங்கி நுவரெலியாவைச் சுற்றியும் ஹோட்டன் சமவெளியிலும் தூண்டில் விளையாட்டுக்காகக் கொண்டுவரப்பட்ட ட்ரவுட் வகைகளுள் வானவில் ட்ரவுட் அங்கேயே இனம்பெருக்கி நிலைத்தது. இலங்கையின் உயர்மலை ஓடைகளுக்கே உரிய, இப்போது லங்காரிஸ் என்ற தனிப் பேரினத்தில் வைக்கப்படும் சிறு இறாலும் ஹோட்டன் சமவெளியின் அதே நீரில்தான் வாழ்கிறது.

ஓடை தோட்டத் தமிழருக்கு வேறொன்றாக இருந்தது. மதுரை, திருநெல்வேலி, திருச்சி, சேலம், புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து மன்னார் வழியாக நடந்து வந்தவர்களுக்கு அமைத்த லயங்கள், அதாவது வரிசையறைக் குடியிருப்புகள், பெரும்பாலும் நீர் அருகில் கிடைக்கும் மடிப்புகளில் எழுந்தன. மேலோடையிலிருந்து மூங்கிலாலோ தகட்டாலோ இழுத்துவந்த பீலியே குடிநீரும் குளியலும் துவைப்பும். கழிப்பிடம் இல்லாத காலத்தில் லயத்தின் கழிவும் அதே ஓடையைக் கீழே சென்றடைந்தது. கீழ்ப்பிரிவுக் குடிகள் அதைக் குடித்தார்கள். 1916இல் றொக்ஃபெல்லர் நிறுவனத்தின் துணையோடு தொடங்கிய கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் தோட்டங்களில் கழிப்பிடம் கட்டுவதை வற்புறுத்தியபோது, ஓடை முதன்முறையாக நலவியல் அக்கறைக்குரிய பொருளாயிற்று, அதுவும் மனிதரின் பொருட்டே. தொழிலாளியின் உடலும் ஓடையின் உயிரும் ஒரே அலட்சியத்தால் நலிந்தன என்பதை இரண்டையும் தனித்தனியே எழுதிய வரலாறுகள் கவனிக்கத் தவறிவிட்டன.

மண் போவதைத் தோட்டத்துறை காலம் தாழ்த்தியே ஒப்புக்கொண்டது. பள்ளத்தாக்கு வயல்களில் மணல் ஏறுவதும் ஆற்றுப்படுக்கை உயர்வதும் வெள்ளம் பெருகுவதும் முறையீடுகளாகத் திரண்டபின், மண்ணரிப்பை ஆராய அமைத்த குழு 1931இல் தன் அறிக்கையை வெளியிட்டது. 1925இல் நிறுவப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிலையமும் களைகளை முற்றாக அகற்றுவதற்கு மாறாக நிலத்தை மூடிவைக்கும் பயிர், சமவுயரக் கோட்டை ஒட்டிய நடுகை, மண்ணைத் தேக்கிவைக்கும் கான் ஆகியவற்றைப் பரிந்துரைத்தது. 1951இல் மண்பாதுகாப்புச் சட்டம் வந்தது. தாய்ச்செடியின் துண்டிலிருந்து வளர்த்த புதிய தேயிலை வகைகள் நிலத்தை விரைவாக மூடியதால், அவை நன்கு நின்ற மலைகளில் அரிப்பு கணிசமாகக் குறைந்தது. இதை மறைப்பது நேர்மையாகாது. ஆனால் பழைய விதைத்தேயிலை நின்று மெலிந்த மலைகள் இன்றும் நிறைய இருக்கின்றன.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் வந்த பூச்சிகொல்லிகளின் கதையில் ஒரு நிகழ்வு பாடநூல்களில் இடம்பெற்றது. தேயிலைக் கிளையைத் துளைக்கும் சிறு வண்டுக்கு எதிராக 1950களின் இறுதியில் டீல்ட்ரின் தெளிக்கப்பட்டது. 1930களின் நடுவில் ஜாவாவிலிருந்து கொணர்ந்து விடப்பட்டு, கொழுந்தைச் சுருட்டும் டோர்ட்ரிக்ஸ் புழுவை அடக்கிவைத்திருந்த ஒட்டுண்ணிக் குளவியை அது கொன்றுவிட்டதால், அடங்கியிருந்த புழு பெருகித் தோட்டங்களைத் தாக்கியது. தோட்டத்துக்குள் நடந்ததால் இந்த விளைவு கண்ணுக்குப் பட்டது. டீல்ட்ரின் நீரில் எளிதில் சிதையாதது. மீனுக்கும் நீர்ப்பூச்சிக்கும் மிகக் கொடியது. கான்வழியே மண்துகளோடு ஒட்டி ஓடைக்குச் செல்லக்கூடியது. அங்கே நிகழ்ந்திருக்கக்கூடிய பெருக்கத்தையும் அழிவையும் எண்ணிப் பார்க்க ஒருவரும் அமர்த்தப்பட்டிருக்கவில்லை. களைகொல்லி வந்து புல்வெட்டும் கூலியைக் குறைத்தது அதன் பின்னர்.

மலையடிவாரத்தின் ஈரவலயத்தில், குறிப்பாகக் கேகாலை, களுத்துறை, இரத்தினபுரி மாவட்டங்களில், இதே வேலையை றப்பர் செய்தது. 1876இல் ஹென்றத்கொடையில் நடப்பட்ட பிரேசிலியக் கன்றுகளிலிருந்து தொடங்கி, இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் விலை உச்சத்துக்கு ஏறியபோது, தாழ்நில மழைக்காடு றப்பருக்கு வழிவிட்டது. இலங்கைக்கே உரிய நன்னீர் மீன்களில் பெரும்பாலானவை மலையுச்சியில் அல்லாமல் இந்தத் தாழ்நில ஓடைகளில்தான் வாழ்கின்றன என்பதால் இழப்பும் இங்கேதான் கூடுதல். றப்பர் மரம் ஓரளவு நிழல் தந்தது. பாலை உறையவைக்கும் அமிலம் கலந்த கழுவுநீரையும் தந்தது. கேகாலை மாவட்டத்தின் கலாபிட்டமடைக்கு அருகே வயல்களுக்கும் றப்பருக்கும் வீட்டுத்தோட்டங்களுக்கும் நடுவே ஓடும் ஒரே ஓடையில் கண்டறிந்து, 1991இல் அறிவியலுக்கு விவரிக்கப்பட்ட பந்துல கெண்டை மீன் இதற்குத் தக்க சான்று. அதன் வாழிடத்தில் காடென்று சொல்ல ஒன்றும் இல்லை. முன்பு அம்மீன் எத்தனை ஓடைகளில் இருந்தது, எந்தப் பருவத்தில் எங்கே முட்டையிட்டது என்பனவற்றை மீட்டறிய முடியாது. வயலுக்கு அடிக்கும் மருந்தின் ஒரு தவறான நாள் அந்த ஓடையின் மீன்கூட்டத்துக்கே முடிவாகிவிடக்கூடும்.

அறிவியலின் தாமதம் எவ்வளவு என்பதை ஆண்டுகளே காட்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இயற்கைநூலார் மலைநாட்டு விலங்குகளைத் தொகுத்தது உண்மைதான். ஆனால் அவர்களுடைய மாதிரிகள் பலவற்றில் இடத்துக்கு நேரே இலங்கை என்ற ஒரு சொல்லே இருக்கிறது. 1882இல் பூலஞ்சர் விவரித்த நன்னோஃப்ரிஸ் குந்தெரி என்ற தவளை அவ்வாறே அருங்காட்சியகப் புட்டிகளில் மட்டும் எஞ்சி, அழிந்ததாக அறிவிக்கப்பட்டது. அதன் உறவினங்களின் வாற்பேத்தைகள் நீர் வழியும் பாறைமுகத்தில் ஒட்டி வாழ்பவை. 1872இல் விவரிக்கப்பட்டு அழிந்ததாகவே கருதப்பட்ட கண்டித் தேரை 2009இல் சிவனொளிபாதமலைக் காட்டோடை ஒன்றின் அருகே மீண்டும் காணப்பட்டது. மலையோடைகளின் நீரியல்பையும் சிற்றுயிர்களையும் சேர்த்து ஆராய்ந்த முதற் பெருமுயற்சி ஃபெர்டினாண்ட் ஸ்டார்முல்னர் தலைமையில் வியன்னாவிலிருந்து 1970இல் வந்த ஒஸ்திரிய – இலங்கைக் கூட்டுக்குழுவினுடையது. நன்னீர் நண்டினங்களில் பெரும்பாலானவற்றுக்குப் பெயர் கிடைத்தது 1990களின் நடுப்பகுதிக்குப் பின்னர். பெயர் பெற்றவற்றுட் பாதிக்கு மேற்பட்டவை உடனேயே அழியும் ஆபத்திலுள்ளவை என்ற பட்டியலிலும் சேர்ந்தன. காட்டோடையையும் தேயிலை நடுவே ஓடும் ஓடையையும் இன்று ஒப்பிடுபவர், நிழலற்ற தேயிலை ஓடையில் பூச்சிகளின் மொத்த எண்ணிக்கை குறையாமலும் இருக்கலாம் என்பதைக் காண்பார். வெயிலில் பாசி பெருகுவதால் பாசி மேய்பவை பெருகுகின்றன, சேற்றைத் தாங்கும் கொசுவினப் புழுக்கள் பெருகுகின்றன, இலை தின்பவை மறைகின்றன. எண்ணிக்கையை மட்டும் பார்த்த எவரும் ஓடை நலமாயிருப்பதாக எழுதிவிட முடியும்.

1960களின் இறுதியில் உருளைக்கிழங்கு இறக்குமதி தடைசெய்யப்பட்டபின் நுவரெலியா, கந்தப்பளை, வெலிமடை வட்டாரங்களில் உருளைக்கிழங்கும் கோவாவும் கரட்டும் லீக்சும் விரைந்து பரவின. தேயிலை ஒருமுறை நட்டால் பல பத்தாண்டு நிற்கும். மரக்கறி நிலமோ ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை கொத்தப்படுகிறது, ஒவ்வொரு முறையும் கோழியெருவும் இரசாயன உரமும் பூஞ்சைகொல்லியும் ஏறுகின்றன. 1985இல் நிறைவேறிய கொத்மலை நீர்த்தேக்கத்தில் 1991இலேயே மைக்ரோசிஸ்டிஸ் என்ற நச்சுப் பாசி பெருகி நீர் பச்சையாகத் திரிந்ததற்கு மேலிருந்து வந்த நைதரசனும் பொசுபரசும் காரணமாயின. 2015இல் கிளைபொசேற் களைகொல்லி தடைசெய்யப்பட்டு 2018இல் தேயிலைக்கும் றப்பருக்கும் அத்தடை விலக்கப்பட்டதும், 2021இல் இரசாயன உர இறக்குமதி நிறுத்தப்பட்டு அவ்வாண்டுக்குள்ளேயே கைவிடப்பட்டதும் விளைச்சல், அந்நியச் செலாவணி, சிறுநீரக நோய் என்பவற்றை முன்வைத்து நடந்த வாதங்கள். இரு தரப்பிலும் ஓடை ஒரு கட்சியாக இருக்கவில்லை.

அரசகாணிச் சட்டங்கள் நீரோடைகளின் இருகரையிலும் ஒதுக்குநிலம் விடவேண்டும் என்கின்றன. நில அளவைப் படங்களில் அந்தக் கோடுகள் உண்டு. கரையில் சில மீற்றர் அகலத்துக்கு மரம் நின்றாலே நிழலும் இலையுணவும் திரும்புவதோடு, சரிவிலிருந்து வரும் மண்ணில் ஒரு பங்கு அங்கேயே படிந்துவிடும் என்பதால், ஓடையுயிர்களை மீட்க விழைபவர்கள் முதலில் கைகாட்டுவது இந்த ஒதுக்குநிலத்தையே. 1975இல் அரசுடைமையாகி 1992இல் தனியார் கம்பனிகளின் நிருவாகத்துக்குச் சென்ற தோட்டங்களில் சரிவெல்லாம் கம்பனியின் தேயிலைக்குரியது. இரு நூற்றாண்டாக அங்கே உழைத்தவர்களின் வழிவந்தோருக்கு வீடமைக்க 7 பேர்ச் காணி தரும் திட்டமே அண்மைக் காலத்தில்தான் தொடங்கியது. எனவே லயத்துக் குடும்பங்கள் கொஞ்சம் கீரையும் போஞ்சியும் கிழங்கும் போட இடம் தேடியபோது அவர்களுக்கு எஞ்சியவற்றுள் தேயிலை நடப்படாத ஓடைக்கரையும் ஒன்றாக இருந்தது. கரையை மரத்துக்கு விடவேண்டுமானால் அந்தக் கீரைப்பாத்திக்குச் சரிவில் எங்கோ இடம் விடப்பட வேண்டும். அந்த இடத்தை ஒதுக்கும் அதிகாரம் குத்தகைக் கம்பனிக்கா, தோட்டக் காணிகளை நிருவகிக்கும் அரச அமைப்புகளுக்கா, பிரதேச செயலகத்துக்கா என்பது தோட்டத்துக்குத் தோட்டம் இன்னும் வழக்காடப்பட்டு வருகிறது.